சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள்? ஊழியர் ஓய்வு: கேள்வி பதில்

சேலத்தில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஏற்காட்டில் ஊழியக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவ சபைப் பணியில் இருப்பவர்களுக்கு, தியான நாட்கள் நடத்தி வருகிறேன். ஊழியச் சோர்வு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் பிரசங்கக் குறிப்புதான் தேடுகிறேன். விசுவாசிகள் போன் செய்தாலே எரிச்சல். இது பின்மாற்றமா (விசுவாசத்தை விட்டு விலகுவதா) ஐயா? (போதகர், ஓமலூர்)

அவசரப்பட்டு அந்தப் பெயரை வைக்காதீர்கள், தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் 'பர்ன்அவுட்' என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: சக்தி வற்றிப்போவது, வேலையில் மனம் ஒட்டாமல் கசந்துபோவது, செய்வது எதுவும் சரியாக வரவில்லை என்ற எண்ணம். அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. தீராத வேலை நெருக்கடியின் விளைவு என்கிறார்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு அப்படியே இருக்கிறது.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை ஜெயித்த கையோடு வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தின்று மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் முறை எழுப்பியபோதும் சாப்பாடுதான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்று கடவுள் கேட்பது ஓரேப் மலையில், அதற்கெல்லாம் பிறகு வருகிறது. ஆகவே முதலில் ஒழுங்காகத் தூங்குங்கள். சர்க்கரை, பி.பி., தைராய்டு பாருங்கள். முழு இரவு ஜெபத்தைக் கொஞ்ச காலம் வேறொருவர் நடத்தட்டும். எலியாவைப் போல 'போதும், என்னை எடுத்துக்கொள்ளும்' என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆலோசகரிடம் பேசுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் அந்த அடையைப் பற்றிக் கேளுங்கள்.

வருஷம் தவறாமல் இவர் ஏற்காடு போய் மூன்று நாள் தங்கிவிட்டு வருகிறார். இறங்கி வந்த மறுநாளே பழைய களைப்பு. ஏன்? (போதகரின் மனைவி, அம்மாபேட்டை)

அம்மா, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துவிடுகிறார்கள், சபையையும் கூடவே ஏற்றிக்கொண்டு. ஒருமுறை தியானத்துக்கு வந்த ஒரு போதகர் காலை மௌன நேரத்தில் அறையில் இல்லை. காம்பவுண்டின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் நின்று போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்: "ஆம்ப்ளிஃபயர் பீரோ சாவி மேசை டிராயர்ல இருக்கு. இல்ல, இடது டிராயர். திறந்தா மைக்கை நீங்களே செட் பண்ணாதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வியாதியே இருக்கிறது. மைக் செட் பண்ணக்கூட ஆள் பழக்காத ஒருவருக்கு மூன்று நாள் மலைக்காற்று என்ன செய்யும்?

மோசேயின் மாமன் எத்திரோ வந்து பார்த்தபோது, மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியே உட்கார்ந்து நியாயம் விசாரித்துக்கொண்டிருந்தார். எத்திரோ அவரை மலைக்குப் போகச் சொல்லவில்லை. நீர் செய்வது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னார். ஜனங்களும் தொய்வார்கள் என்றதை நாம் படித்தும் படிக்காததுபோல் தாண்டிவிடுகிறோம். அடுத்த முறை அவர் கிளம்பும்போது சாவி, போன், ஞாயிறு பிரசங்கம் மூன்றும் யார் கையில் என்று நீங்களே கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பஸ் செலவு மிச்சம்.

வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ், ஞாயிறு முழுக்க சபை. எனக்கு ஓய்வுநாள் எது? (வாலிபர் சங்கச் செயலாளர், அஸ்தம்பட்டி)

இப்போதைக்கு எதுவும் இல்லை. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை விடுங்கள்.

ஐயருக்கு (எங்கள் போதகருக்கு) திங்கள் லீவு கொடுக்கலாம் என்றால், 'நாங்கள் மட்டும் உழைக்க வேண்டுமா' என்று கமிட்டியிலேயே முணுமுணுக்கிறார்கள். (சபைப் பொருளாளர், சூரமங்கலம்)

கத்தோலிக்கரிடம் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 533-ஆம் விதிப்படி பங்குத்தந்தை வருஷத்துக்கு ஒரு மாதம் வரை விடுமுறை எடுக்கலாம். வருடாந்தர தியான நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. நம்மிடம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். மினிட்ஸில் ஏற்றுங்கள்: திங்கள் விடுமுறை, அடக்க ஆராதனை மட்டும் விலக்கு, அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் மூப்பர் இன்னார். டிசம்பர் முழுக்கக் கரோல் சுற்றி, 31-ஆம் தேதி இரவு ஆராதனையும் முடித்தவரை ஜனவரி முதல் வாரம் வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிடாதீர்கள். முணுமுணுப்பவர்களிடம் ஒரே ஒரு ஞாயிறு பிரசங்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல மருந்து இல்லை.

இயேசுவே ஓய்வுக்குப் போன இடத்தில் ஜனங்களைப் பார்த்து மனதுருகி உபதேசித்தாரே? (வேதாகமக் கல்லூரி மாணவர்)

மாற்கு 6-ஐ முடிவு வரை படியுங்கள். சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை இளைப்பாற அழைத்தார், கூட்டம் முந்திக்கொண்டது, உபதேசித்தார், போஷித்தார். சரி. அப்புறம்? சீஷர்களைப் படவில் ஏற்றி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலைக்குப் போய்விட்டார். ஓய்வு தள்ளிப்போனது, ரத்தாகவில்லை. நாம் முதல் பாதியை மட்டும் பிரசங்கிக்கிறோம்.

எனக்கு 64 வயது. நான் ஆரம்பித்த சபை. விட மனம் வரவில்லை. (போதகர், ஆத்தூர்)

ஐயா, எண்ணாகமம் 8-இல், ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்த லேவியருக்கு இருபத்தைந்து வயதில் பணி ஆரம்பம், ஐம்பதில் நிறுத்தம். அதன்பின் வேலை இல்லை. சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கலாம். கூடாரத்துப் பணிக்கான வயதுக் கணக்கு அது, நமக்குச் சட்டமில்லை. ஆனால் ஒதுங்கிய பிறகும் ஒரு இடம் உண்டு என்பது அதில் தெளிவாக இருக்கிறது. பொறுப்பைக் கொடுத்தபின் ஆறு மாதம் வேறு சபைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பழைய விசுவாசி போன் செய்தால், 'புதுப் போதகரிடம் சொன்னீர்களா?' என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் முன்னால், சபையின் வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்தை மாற்றுங்கள். இந்த வாரமே.