கை நிறைய வேலை இருக்கும்போது மேலாளர் இன்னொன்றையும் கொடுத்தால் எப்படி மறுப்பது?

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தேவையில்லை. கையில் இருக்கும் வேலைகளையும் அவற்றின் கெடு தேதிகளையும் எழுதிக் காட்டி, "இதை இப்போது எடுத்தால் எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேளுங்கள். உங்களிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதே பல மேலாளர்களுக்குத் தெரியாது. பேசி முடித்ததும், ஒப்புக்கொண்டதை இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வந்தால் கைகொடுப்பது அதுதான்.

அப்புறம், உங்கள் நேரக் கணக்கு. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை நாம் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். அதனால் மனக்கணக்கை நம்பாமல், இதேபோன்ற வேலை போன முறை உண்மையில் எத்தனை நாள் பிடித்தது என்று பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள்.