தட்டினால் பாடும் ட்யூப் ஆம்ப்: கோளாறு எங்கே?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவிலும் திருவிழா மேடைகளிலும் கிட்டார் வாசிப்பவர். பழையதாக வாங்கிய அவருடைய 40 வாட் ட்யூப் ஆம்ப் (வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), போட்டு இருபது நிமிடம் ஆனதும் ஒலி குறைந்து கரகரக்கிறது. மேல்பலகையில் ஒரு தட்டு தட்டினால் ஒலி திரும்பிவிடுகிறது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு எல்லா ட்யூப்களையும் மாற்றியும் பலனில்லை. இடையில் ஒருமுறை ஃபியூஸ் போக, நிகழ்ச்சி நேரத்து அவசரத்தில் வீட்டு ஃபியூஸ் கம்பியைச் சுற்றிப் போட்டிருக்கிறார். "மறுபடியும் ட்யூப் வாங்க வேண்டுமா, விற்றுவிடலாமா? வீட்டில் நானே எதையாவது பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார்.

விற்கவும் வேண்டாம், ட்யூப் வாங்கவும் வேண்டாம். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தேய்ந்த ட்யூப்பில் ஒலி மாதக்கணக்கில் மெல்ல மங்கும். தட்டியவுடன் உயிர் பெறாது. சூடேறியதும் போகிறது, தட்டினால் வருகிறது என்றால், எங்கோ ஓர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது. ஜாக் (கேபிள் செருகும் துளை), ட்யூப் சாக்கெட், சால்டர் வைத்த இடம் ஆகியவற்றில் ஒன்றின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். ட்யூப்புக்குள்ளேயே இணைப்பு விட்டிருந்தாலும் இப்படி நடக்கும். ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள். எந்தப் பகுதியில் ஒலி அறுபடுகிறது என்று பார்க்காமல் பாகத்தை மாற்றுவதுதான் இந்த ஆம்ப்களில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி.

எதையும் தொடுவதற்கு முன்பு அந்த ஃபியூஸ் கம்பியை எடுத்துவிடுங்கள். இந்த அளவு ஆம்ப்பின் மெயின் ஃபியூஸ் 230 வோல்ட்டில் பெரும்பாலும் 1 அல்லது 2 ஆம்பியர்தான். வீட்டுக் கம்பி அதைப்போல் பல மடங்கு மின்சாரத்தைத் தாங்கும்; அது உருகுவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். சரியான மதிப்பு ஆம்ப்பின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதில் 'டி' என்ற எழுத்து இருந்தால் மெதுவாக உருகும் வகையைத்தான் போட வேண்டும். சரியான ஃபியூஸ் போட்டும் அது மறுபடி போனால், ஆம்ப்பைப் போடுவதை நிறுத்திவிட்டு நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அங்கே பழுது உண்மையிலேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்ப்பை ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடும். உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தைத் திறக்காதீர்கள். அங்கே 400 வோல்ட்டுக்கும் மேலான நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அது எஞ்சி நிற்கக்கூடும். நான் கீழே சொல்லும் எதற்கும் சட்டத்தைத் திறக்க வேண்டியதில்லை.

முதலில் இடையில் உள்ள பெடல்களை (காலால் இயக்கி ஒலியை மாற்றும் சிறு பெட்டிகள்) எல்லாம் ஒதுக்கிவிட்டு, நல்லது என்று தெரிந்த ஒரே கேபிளில் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளையும் பாருங்கள். அங்கே கிட்டார் கேபிளைப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் மெல்லிய கம்பி அந்த மின்சாரத்துக்கானது அல்ல.

அடுத்து, இத்தகைய ஆம்ப்கள் பலவற்றின் பின்பக்கத்தில் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருக்கும். எஃபெக்ட் கருவிகளை ஆம்ப்பின் நடுவே இணைப்பதற்கான இதை எஃபெக்ட்ஸ் லூப் என்பார்கள். பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சிறிய தகட்டு ஸ்பிரிங் இருக்கிறது. எதுவும் செருகாதபோது அந்தத் தகடு மற்றொரு முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உங்கள் கிட்டாரின் ஒலி முழுவதும் அந்த ஒரு தொடுபுள்ளி வழியாகத்தான் ஆம்ப்பின் பின்பாதிக்கு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதிக்குப் போகிறது. பல வருடம் யாரும் எதையும் செருகாமல் விட்டால், தொடுமுனை கறுத்து, நம் ஊர்ப் புழுதியும் சேர்ந்து படலம் கட்டிவிடும். அதன் வழியே ஓடும் மின்சாரம் மிகச் சிறியது என்பதால் அந்தப் படலத்தைத் துளைத்துப் போகவும் முடியாது. தட்டும்போது தகடு அசைந்து ஒரு சுத்தமான புள்ளியில் படுகிறது, ஒலி வருகிறது.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. செண்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிளைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசியுங்கள். ஒலி அறுபடாவிட்டால் கோளாறு கிடைத்துவிட்டது. பிளக்கின் உலோக முனையில் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, ஆம்ப் அணைந்திருக்கும்போது ரிட்டர்ன் ஜாக்கில் பலமுறை செருகி எடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் ஜாக்கையே மாற்றச் சொல்லலாம், சிறிய செலவுதான்.

கேபிள் போட்டும் ஒலி போகிறதா? அப்படியானால் கோளாறு வந்து நிற்கும் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். தட்ட வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்யூமைக் குறைத்துவிட்டு, பேட்ச் கேபிளை எடுத்துவிட்டு, கிட்டாரை ஓர் ஓவர்டிரைவ் பெடல் வழியாக நேராக ரிட்டர்னில் செருகுங்கள். கிட்டாரின் ஒலி மட்டும் அந்த இடத்துக்குப் போதாது, அதனால்தான் பெடல். ஒலி தெளிவாகவும் முழுதாகவும் வந்தால் பழுது முன்பாதியில், அதாவது இன்புட் ஜாக்கிலோ முன்வரிசைச் சிறிய ட்யூப்களின் பக்கத்திலோ இருக்கிறது. இங்கேயும் அதே கரகரப்பு என்றால் பவர் ட்யூப்கள், அவற்றின் சாக்கெட்டுகள், ஸ்பீக்கர் இணைப்பு ஆகிய பின்பாதி. இந்த ஒரு சோதனை மெக்கானிக்கின் வேலையில் பாதியை மிச்சப்படுத்தும்.

ட்யூப்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம். வால்யூமைப் பாதியில் வைத்து, மரப் பென்சிலின் பின்முனையால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டுங்கள். இன்புட்டுக்கு அருகிலுள்ள 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய ட்யூப் மெல்ல 'டிங்' என்பது இயல்பு. கரகரப்போ வெடிப்போ கேட்டால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை அணைத்து, ட்யூப் நன்றாக ஆறிய பிறகு துணியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். வேறு நல்ல 12ஏஎக்ஸ்7 ஒன்றை அங்கே பொருத்தியும் அதே ஓசை வந்தால், குற்றம் ட்யூப்பில் இல்லை, சாக்கெட்டில். மேடை வாசிப்பவர்கள் உபரியாக ஒரு 12ஏஎக்ஸ்7 வைத்திருப்பது நல்லது. பவர் ட்யூப் கதை வேறு: பெரும்பாலான 40 வாட் ஆம்ப்களில் புது ஜோடியைப் போட்டால் பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் ட்யூப் வழியே ஓடும் மின்சாரத்தின் அளவு, சரிசெய்தாக வேண்டும். உங்கள் கடைக்காரர் அதைச் செய்தாரா என்று கேளுங்கள். ஆம்ப் ஓடும்போது அறை விளக்கை அணைத்து ட்யூப்களைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு ஒளியும் கண்ணாடி ஓரத்தில் நீலச் சாயலும் இருக்கலாம், பயமில்லை. சாம்பல் நிற உலோகத் தகடே சிவந்து ஒளிர்ந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

பின்பாதியில் பழுது என்று தெரிந்தால், என் சந்தேகம் பவர் ட்யூப் சாக்கெட்டின் சால்டர் மீதுதான். இத்தகைய ஆம்ப்கள் பலவற்றில் சாக்கெட் நேராகச் சர்க்யூட் பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். ட்யூப்கள் தலைகீழாகத் தொங்கும். வெப்பம் முழுவதும் மேலே ஏறிப் பலகையைத் தாக்கும். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, கூடவே நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேனில் குலுங்கி, ஒவ்வொரு முனையையும் சுற்றியுள்ள சால்டரில் தலைமுடி அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல் விழும். வெறும் கண்ணுக்கு அது பளபளப்பான நல்ல சால்டராகவே தெரியும். பூதக்கண்ணாடியில் சாய்த்துப் பார்த்தால்தான் முனையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் புலப்படும். டிவி மெக்கானிக்குகள் சொல்லும் 'ட்ரை சால்டர்' இதுதான். மேலே கொஞ்சம் ஈயம் வைத்து மூடினால் சில மாதம் ஓடிவிட்டுத் திரும்ப வரும். பழைய சால்டரை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். ட்யூப்பின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து சதவீதம் கூடவோ குறையவோ செய்தால் தாங்கும். சுற்று வயல்களில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டு மின்சாரம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், ஹீட்டருக்குக் கிடைப்பது 5.2 வோல்ட்தான். ஆம்ப் களைத்துப்போய்ப் பாடும்; பழுது என்று நினைப்போம். திருவிழா ஜெனரேட்டர் 250-ஐத் தாண்டினால் எதிர்த்திசையில் எல்லையைத் தொட்டுவிடும், ஃபியூஸ் போவதற்கும் அது ஒரு காரணமாகலாம். ஸ்டெபிலைசரின் முகப்பில் காட்டும் எண்ணைக் கோளாறு வரும்போதெல்லாம் குறித்துவையுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமென்று செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சுடும்.

எர்த் இல்லாத பிளக்கில் ஆம்ப்பைப் போடவே கூடாது. கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கும் கிட்டார்காரருக்கு இதைவிட ஆபத்தானது வேறில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் எர்த் குழி வறண்டுபோகும். தண்ணீர் ஊற்றிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அது தனிக் கோளாறு, சின்னது. கான்டாக்ட் கிளீனர் போதும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் விட வேண்டாம்.

பழுது பார்க்கக் கிட்டார் கடைதான் என்றில்லை. மதுரையில் வால்வு ரேடியோவும் பழைய பிக்சர் ட்யூப் டிவியும் பார்த்த கைகள் இன்னும் இருக்கின்றன. உயர்மின்னழுத்தத்தை மதிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எத்தனையாவது நிமிடத்தில் ஒலி போகிறது, பேட்ச் கேபிள் போட்டபோது என்ன ஆயிற்று, ரிட்டர்னில் செருகியபோது என்ன ஆயிற்று என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். திரும்பப் பெறும்போது ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். சட்டத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்து ஓட்டினால் காற்றோட்டத்தில் ஆம்ப் சூடேறாது, உங்கள் கோளாறும் தலைகாட்டாது. பெட்டிக்குள் பொருத்தி, பின்பலகையை மூடி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு மேல்பலகையை நீங்களே தட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.