முதல் பவளத் தொட்டி: 30 லிட்டர் போதுமா, அன்றைக்கே மீன் விடலாமா?

கேள்வி: நாலு வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இப்போது பவளத்தோடு சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசை. 30 லிட்டர் தொட்டி போதும், மீன் கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பாட்டில் ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம் என்கிறார்கள். சரிதானா? என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: இரண்டுமே வேண்டாம். 30 லிட்டரில் அழகாகப் பவளம் வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அவர்களுடைய இரண்டாவது, மூன்றாவது தொட்டி. நீங்கள் 60×40×40 செ.மீ. தொட்டியில் தொடங்குங்கள். கணக்குப்படி அது 96 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 75 லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 லிட்டர் தொட்டியில் நிற்பது 24 லிட்டர்தான். கல்லுக்குப் பின்னால் ஒரு நத்தை செத்துக் கிடந்தால், அதிலிருந்து கசியும் அமோனியா அங்கே மூன்று மடங்கு அடர்த்தியாகும். கை தவறி 5 லிட்டர் நன்னீர் அதிகமாக விழுந்தால் பெரிய தொட்டியில் உப்பு 35 பிபிடி-யிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 33-க்கு இறங்கும். பவளம் ஓரிரு நாள் சுருங்கியிருந்து மீண்டுவிடும். சின்னதில் அதே தவறு உப்பை 29-க்குக் கொண்டுபோய்விடும். புதியவர் தவறு செய்வார் என்று வைத்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து எடை 120 கிலோவை நெருங்கும் என்பதால் தாங்கி உறுதியாகவும் மட்டமாகவும் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் போக்கும் மருந்தை விட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே அது போதாது. குழாய்நீரில் உள்ள பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பாசிக்குத் தீனி. செம்பு துளி அளவு இருந்தாலே நத்தை, இறால்களுக்கு ஆகாது. ஆர்ஓ-வோடு, அதில் தப்பியதையும் பிடிக்கும் டிஐ வடிகட்டியும் சேர்ந்த தண்ணீர் வேண்டும். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். குடிப்பதற்கான சாதாரண ஆர்ஓ தண்ணீர் பெரும்பாலும் 0 காட்டாது. அதன் பின்னால் ஒரு டிஐ ரெசின் குழாயை இணைத்துக்கொள்ளலாம்.

உப்பு என்றால் பவளத் தொட்டிக்கென்றே தயாரிக்கும் கடல் உப்புக் கலவை. சமையல் உப்போ, நன்னீர் மீனுக்குப் போடும் கல்லுப்போ அல்ல. லிட்டருக்கு 36 கிராம் என்று தொடங்குங்கள். 75 லிட்டருக்கு 2.7 கிலோ. பாக்கெட்டுக்குப் பாக்கெட் கொஞ்சம் மாறும், அளந்து பார்த்துத் திருத்துங்கள். எப்போதும் தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் அடர்த்தி எகிறி, கால்சியமும் கார்பனேட்டும் ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். அது மறுபடி கரையாது.

அளக்க முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வேண்டாம். அதில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கே மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கண்ணாடிப் பரப்பில் இரண்டு சொட்டு விட்டு, குமிழி சிக்காமல் மூடியைச் சாய்த்து மூடி, அரை நிமிடம் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு 35-இல் நிற்க வேண்டும். ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026. கருவியைச் சரிபார்க்க வெறும் தண்ணீரைவிட 35 பிபிடி என்று குறித்து விற்கும் கரைசல் நம்பகமானது. நமக்கு வேண்டிய அளவில் கருவி சரியாக இருக்கிறதா என்பதுதானே கேள்வி.

மற்ற சாமான்கள் அதிகமில்லை. அலை உண்டாக்க இரண்டு சின்ன பவர்ஹெட் (நீருக்குள் ஓடும் பம்பு), ஒன்றையொன்று பார்க்காமல் சற்றுச் சாய்வாக. இரண்டும் சேர்ந்து மணிக்கு 1000 முதல் 1500 லிட்டர் தள்ளினால் மென்பவளங்களுக்குப் போதும். தொட்டியின் பின்புறம் தொங்கும் ஒரு ஃபில்டர். பவளத்துக்கான எல்இடி விளக்கு. 100 வாட் ஹீட்டர், அதோடு தனியாக ஒரு தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர். ஹீட்டர் கெட்டால் சில சமயம் அணையாமல் ஒட்டிக்கொள்ளும், தொட்டியே வெந்துவிடும். அறை சூடாக இருக்கும் இடங்களில் ஹீட்டரைவிட விசிறிக்குத்தான் வேலை அதிகம். நீர்ப்பரப்பில் காற்று பட்டால் 2, 3 டிகிரி குறையும். 25, 26 டிகிரியில் நிலையாக நிறுத்துங்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுக்குக் கட்டாயமில்லை. குறையும் நீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவியை மட்டும் ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இந்தத் தொட்டியில் தினம் 1 லிட்டர் போகும், விசிறி ஓடினால் இன்னும் கூட. நாலு நாள் கவனிக்காமல் விட்டால் உப்பு 35-இலிருந்து 37 ஆகிவிடும். குறைந்ததை நிரப்ப ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ டிஐ தண்ணீர். உப்புநீரை ஊற்றி ஊற்றி உப்பை ஏற்றிவிடுவது நன்னீரிலிருந்து வருபவர்கள் முதலில் செய்யும் தவறு.

அமைக்கும்போது காலித் தொட்டியில் முதலில் கல்லை வையுங்கள். 8 கிலோ உலர் கல் போதும். கடலிலிருந்து வரும் உயிர்க்கல்லோடு பூச்சிகளும் வேண்டாத அனிமோனும் (பூப்போல் விரியும் கடலுயிர்) சேர்ந்து வரலாம். கல் நேரடியாகக் கண்ணாடித் தரையில் உட்கார வேண்டும். மணல்மேல் வைத்தால், நாளை ஒரு மீன் அடியில் குழி பறிக்கும், கல் சரியும். பிறகு தண்ணீரும் உப்பும். முதல் முறை மட்டும் தொட்டிக்குள்ளேயே கலக்கலாம்; உள்ளே உயிர் எதுவும் இல்லையே. ஒரு நாள் பம்பு ஓடியபின் 10 கிலோ அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணலைக் கழுவிப் பரப்பினால் 3 செ.மீ. வரும்.

இனி பாட்டில் விஷயம். பாக்டீரியா பாட்டில் ஏமாற்று இல்லை, நாட்களைக் குறைக்கும். ஆனால் அன்றைக்கே மீன் என்பது சூதாட்டம். நன்னீரில் பிஎச் 7 இருக்கும்போது அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். கடல்நீரின் பிஎச் 8.2, அங்கே அது 7 சதவீதத்தைத் தொடும். கப்பி தாங்கிய அதே அளவில் கோமாளி மீன் மூச்சுத் திணறும். ஆகவே அமோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்வரை விட்டு, பாட்டில் பாக்டீரியாவையும் ஊற்றி, விளக்கைப் போடாமல் காத்திருங்கள். அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஆகும். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் டெஸ்ட் கிட் அதிகமாகக் காட்டும், அதை நம்பிக் கவலைப்படாதீர்கள். மறுபடி 2 பிபிஎம் விட்டு, 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆனால் தொட்டி தயார். 3 முதல் 6 வாரம் ஆகலாம். நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், டெஸ்ட் கிட்டைப் பாருங்கள்.

அதன்பின் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு நாலைந்து ட்ரோக்கஸ் அல்லது செரித் நத்தைகள், இரண்டு வாரம் கழித்துப் பண்ணையில் பிறந்த ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி. மீன் வரவு அத்தோடு நிற்கட்டும். நீல டேங் 30 செ.மீ. வளரும் மீன், இந்தத் தொட்டிக்கு ஆகாது. மாண்டரின் மீன் கோபிபாட் என்ற பொடி உயிர்களைத் தின்றே வாழும்; புதுத் தொட்டியில் அவை இராது, பட்டினி கிடந்து சாகும். புது மீனை முதலில் வேறொரு தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுக்க நேர்ந்தாலும் அங்கேதான். பவளத் தொட்டியில் செம்பு விட்டால் நத்தைகள் எல்லாம் போய்விடும்.

இந்தச் சமயத்தில் மணலும் கல்லும் பழுப்புப் பொடி தூவியதுபோல் ஆகும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, சிலிகேட் தீர்ந்ததும் தானே போகும். அடுத்துப் பச்சை நூல்பாசி வரும். கையால் பிடுங்குங்கள், தீனியைக் குறையுங்கள். இங்கேதான் பலர் பதறிப்போய் பாஸ்பேட் உறிஞ்சியும் பாசிக்கொல்லியும் ஒன்றாகப் போடுகிறார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக 0 ஆனால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கிளம்பும்: குமிழி கோத்த பழுப்புச் சளி. அதைப் பார்த்தபின் நூல்பாசியே தேவலை என்று தோன்றும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று கொஞ்சம் இருக்கவே வேண்டும்.

மூன்றாம் மாதவாக்கில் பவளம் வைக்கலாம். காளான் பவளம், சோவாந்தஸ், பச்சை நட்சத்திரப் பாலிப் மூன்றும் புதியவருக்கு ஏற்றவை. கடைசியாகச் சொன்னதை மற்ற கல்லோடு ஒட்டாமல் மணலில் தனிக்கல்லில் வையுங்கள். பாய் விரித்தாற்போல் எல்லாவற்றையும் மூடிவிடும். எதையும் பவள டிப்பில் (பூச்சி போக்கும் கரைசல்) முக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். விளக்கை 30 சதவீதத்தில் 8 மணி நேரம் என்று தொடங்கி, வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள். கேஎச் (நீரின் காரத்தன்மை) 8 முதல் 9, கால்சியம் 420 பிபிஎம் பக்கம் இருந்தால் போதும். வாரம் 8 லிட்டர் மாற்றினால் இவை தாமாகவே அந்த அளவில் நிற்கும். மாற்றும் நீரின் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். பவளம் திறக்கவில்லையென்றால் மருந்து தேடாதீர்கள், முதலில் உப்பை அளந்து பாருங்கள்.

சோவாந்தஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. வெட்டும்போதும் ஒட்டும்போதும் கையுறை, கண்ணாடி இரண்டும் அணியுங்கள். வேண்டாத பாலிப்பைக் கொல்ல அந்தக் கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

கோமாளி மீன் இருந்தால் அனிமோன் வேண்டுமே என்று அடுத்துக் கேட்பீர்கள். கட்டாயமில்லை, அது இல்லாமலே மீன் நன்றாக வாழும். அனிமோன் ஒட்டிய இடத்தில் நிற்காது. தொட்டி முதிரும் முன் விட்டால் நடந்து போய் பவர்ஹெட்டில் மாட்டி அரைபட்டு, ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும். எட்டு மாதம் போகட்டும். அப்போதும் பவர்ஹெட் வாயில் ஸ்பாஞ்சுக் கூடு மாட்டிய பிறகே வாங்குங்கள்.