மார்க்கம் நகரிலிருந்து கார் இல்லாமல் வேலைக்குப் போகலாமா?

தம்பி, கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பதாகவும், அதற்கு மேற்கே உள்ள வோன் நகரில் கிடைத்த வேலைக்குப் போய்வர விவா என்ற விரைவுப் பேருந்தை நம்பலாமா அல்லது கடன்பட்டாவது கார் வாங்கவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பார்த்து எடுத்தால் முதல் ஒன்றிரண்டு வருடங்களைக் கார் இல்லாமல் சமாளிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

விவா 2005 இல் தொடங்கியபோது, மற்ற வாகனங்களோடு ஓடினாலும் குறைவான தரிப்பிடங்களில் மட்டுமே நிற்கும் பேருந்தாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலை 7 இன் நடுவே பேருந்துக்கென்று ஒதுக்கிய சிவப்புத் தடத்தின் முதற்பகுதி 2013 இல்தான் திறக்கப்பட்டது. மாலை நெரிசலில் நகராமல் நிற்கும் கார்களை அந்தத் தடத்தில் நீங்கள் கடந்துபோவீர்கள். ஆனால் மார்க்கத்தின் ஒரு பகுதியான யூனியன்வில்லுக்குக் கிழக்கே தனித்தடம் இல்லாததால், அதே பேருந்து அங்கே கார்களுக்குப் பின்னால் காத்து நிற்கும். நம்மவர்கள் தமிழ்க் கடைகளுக்குக் கிட்ட இருக்கவேண்டுமென்று மார்க்கம் வீதியும் ஸ்ரீல்ஸ் வீதியும் சந்திக்கும் பக்கமே வீடு தேடுவார்கள். அங்கிருந்து நெடுஞ்சாலை 7 க்கு வரவே வேறொரு பேருந்து பிடிக்கவேண்டும். வாடகை சற்றுக் கூடினாலும் தனித்தடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் அறை பாருங்கள்.

ஊதா விவாவில் ரிச்மண்ட் ஹில் சென்ரர் வரை போய், அங்கே செம்மஞ்சள் விவாவுக்கு மாறினால் வோனுக்குப் போய்ச் சேரலாம். (பேருந்துகள் எல்லாம் நீலம்தான், ஊதா, செம்மஞ்சள் என்பவை வழிகளின் பெயர்கள்.) ஏறுவதற்கு முன் தரிப்பிடத்து இயந்திரத்திலேயே பிரெஸ்ரோ என்ற பயணக் கட்டண அட்டையைத் தட்டிவிட வேண்டும். சாரதி எதுவும் கேட்கமாட்டார் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பரிசோதகர் வந்தால் தண்டப்பணம் கட்ட நேரிடும். 2024 பெப்ரவரியிலிருந்து, அதே அட்டையோடு 2 மணி நேரத்துக்குள் ரொறன்ரோ சப்வேக்கு மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை.

இரு திசைகளுக்கும் மேடைகள் தனித்தனி, அவையும் பெரும்பாலும் சந்தியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். தடம் திறந்த புதிதில் நான் பிழையான மேடையில் நின்றுகொண்டு, பாதசாரி விளக்கு மாறுவதற்குள் என் பேருந்து எதிர்ப்பக்கத்தால் போவதைப் பனிக்குளிரில் பார்த்திருக்கிறேன்.

இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பேருந்துகளுக்கிடையிலான இடைவெளி கூடும். ஆகவே, இரவு வேலை தருவதாகச் சொன்னால், இரு வழிகளினதும் கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.