24 எச்பி மினி டிராக்டரைக் கொடுத்துவிட்டு 45 எச்பி வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடுமலைப் பக்கம் 9 ஏக்கர். 6 ஏக்கர் தென்னை, அதில் பாதித் தோப்பில் ஊடுபயிராக வாழையும் ஜாதிக்காயும். மீதி 3 ஏக்கரில் மக்காச்சோளம். நான்கு வருடம் ஓடிய 24 எச்பி ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டர் கையில் இருக்கிறது. மக்காச்சோளக் காட்டில் வண்டி திணறுகிறது, தென்னை மட்டையைத் தூளாக்கும் மெஷினை இதில் ஓட்ட முடியவில்லை, டிரெய்லரில் காய் ஏற்றினால் இறக்கத்தில் பயமாக இருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு 45 எச்பிக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் நிலத்துக்கு 45 வேண்டாம். இந்த வருடம் மாற்றவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நான் 24-லிருந்து 34-க்கு மாறியவன், மாறியதில் எனக்கு நிறைவுதான். ஆனால் என் தோப்பில் ஊடுபயிர் கிடையாது, மண்ணும் இறுகிய செம்மண். உங்கள் கணக்கு வேறு.

முதலில் அந்தத் 'திணறல்' என்ன என்று பிரித்துப் பாருங்கள். ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டும்போது இன்ஜின் சத்தம் இறங்கி, கரும்புகை தள்ளினால், அது பவர் குறைவு. ஐந்து கொழு உள்ள கலப்பை போட்டு இழுக்கும்போது இன்ஜின் சத்தம் மாறாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், பவர் இருக்கிறது, பிடிப்புதான் இல்லை. கருவியைத் தூக்கும்போது முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் கைக்குள் நிற்காவிட்டால், அது எடைச் சமநிலைப் பிரச்சினை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் சேர்த்து 'எச்பி பத்தலை' என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஷோரூமிலும் அதைத்தான் சொல்வார்கள்.

பிடிப்பை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவிட்டு அதே காட்டில் ஓட்டி, சக்கரம் 10 சுற்று சுற்ற எத்தனை அடி போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி அதே 10 சுற்று. முதலில் 100 அடி போய், இரண்டாவது முறை 87 அடி போனால், சறுக்கல் 13 சதவீதம். 10 முதல் 15 வரை இருந்தால் கவலைப்பட வேண்டாம். 20-ஐத் தாண்டினால் டீசலும் டயரும்தான் தேய்கின்றன, உழவு நடக்கவில்லை. அப்போது செய்ய வேண்டியது பின் டயரில் தண்ணீர் நிரப்புவது. வால்வை மேலே நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிற்கும், மீதியில் காற்று. அதுவும் போதவில்லை என்றால் சக்கரத்துக்கு இரும்பு எடை, முன்னால் பம்பர் எடை. சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. லட்சங்களைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பார்த்தே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரொட்டவேட்டர் கலப்பை மாதிரி வண்டியைப் பின்னுக்கு இழுப்பதில்லை. கத்தி சுற்றும் திசையே வண்டியை முன்னால் தள்ளும். அதனால் ரொட்டவேட்டருக்குப் பிடிஓ பவர்தான் (இன்ஜினிலிருந்து பின்தண்டு வழியாகக் கருவிக்குப் போகிற பவர்) முக்கியம், கலப்பைக்கு எடைதான் முக்கியம். பெயர்ப்பலகையில் 24 என்று இருக்கிற மினி டிராக்டர்களில் பிடிஓவில் கிடைப்பது, மாடலைப் பொறுத்து, சுமார் 17 முதல் 22 எச்பி வரைதான். அதற்கு மூன்றரை அடி, அதிகம் போனால் நான்கு அடி ரொட்டவேட்டர். உங்களிடம் இருப்பது அதற்கு மேல் என்றால் திணறலுக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. கத்திகளையும் பாருங்கள். தேய்ந்த கத்தி மண்ணை வெட்டாது, அறையும். புதுக் கத்தி மாட்டி, ஒரு கியர் குறைத்து, பிடிஓவை நிமிடத்துக்கு முழு 540 சுற்றில் ஓட்டினால் அதே வண்டி வேறு வண்டி போல நடக்கும்.

அப்புறம் பதம். மக்காச்சோளத் தட்டை அறுத்து, காடு காய்ந்து கல்லாகக் கிடக்கும்போது எந்த மினி டிராக்டரும் திணறத்தான் செய்யும். ஒரு தண்ணீர் விட்டோ, மழை பெய்தோ, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிர்கிற பதத்தில் இறங்குங்கள். வீட்டு வண்டியின் பெரிய லாபமே இதுதான்: அந்தப் பதம் இருக்கிற இரண்டு நாளில் நீங்கள் நினைத்த நேரத்துக்கு இறங்கலாம்.

வருடா வருடம் ரொட்டவேட்டர் மட்டுமே ஓட்டியிருந்தால் இன்னொரு காரணமும் இருக்கலாம். ரொட்டவேட்டர் மேல் அரை அடியைத்தான் கிளறும், அதற்குக் கீழே மண் தகடு மாதிரி இறுகிவிடும். இதற்கு 45 எச்பி வண்டியில் பெரிய ரொட்டவேட்டர் போடுவது தீர்வே ஆகாது. கூடுதல் எடை அந்தத் தகட்டை இன்னும் அமுக்கும். அந்தத் தகட்டை ஆழத்தில் உடைக்கிற உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் போட்டு, குறுக்கே இன்னொரு முறை போட வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். அதற்குப் பெரிய வண்டி வேண்டும், ஆனால் சொந்த வண்டி வேண்டியதில்லை. கோடையில் செய்கிற வேலை, பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

என் முடிவுக்கு அடிப்படையும் இந்தப் பிரிவுதான். நாள் தவறினால் கெட்டுப்போகிற வேலை, எப்போது செய்தாலும் சரியாக இருக்கிற வேலை என்று உங்கள் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். விதைப்புக்கு முந்தைய உழவு, வாழைக்கு இடையில் களை ஓட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் முதல் வகை. மழை பெய்த மறுநாள் ஊரே வாடகை வண்டிக்கு ஓடும், உங்கள் முறை வரும்போது காடு காய்ந்திருக்கும். இந்த வேலைகளுக்குச் சொந்த வண்டி கண்டிப்பாக வேண்டும், இவற்றை உங்கள் 24 எச்பி செய்துவிடும். உளிக்கலப்பை, மட்டை தூளாக்குவது, நிலம் சமப்படுத்துவது எல்லாம் இரண்டாவது வகை. உங்களை 45-க்கு இழுப்பவை முழுக்க இந்த இரண்டாவது வகை வேலைகள். பெரிய வண்டி எனக்கும் பிடிக்கும், அதன் மேல் உட்கார்ந்தால் வருகிற தைரியமே தனி. ஆனால் வருடத்தில் சில நாள் வேலைக்காக 365 நாளும் தவணை கட்டக் கூடாது.

மட்டை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம். ஒரு மரம் வருடத்துக்கு 12 மட்டைக்குக் குறையாமல் தள்ளும். 6 ஏக்கருக்கு 5,000 மட்டை. அதை எரிக்காமல் தூளாக்கி மரத்தடியில் போட நினைக்கிறீர்களே, அதை மனதாரப் பாராட்டுகிறேன். மண்ணில் ஈரம் நிற்க அதைவிட நல்ல மூடாக்கு இல்லை. ஆனால் டிராக்டரில் ஓடுகிற அந்த மெஷின்கள் பெரும்பாலும் 35 எச்பிக்கு மேல் கேட்கும். மட்டையைச் சேர்த்து வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை வாடகைக்கு ஆள் வைத்து அரைத்துவிடுங்கள். தமிழக அரசின் உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டிகளும் கருவிகளும் வருகின்றன. உங்கள் வட்டாரத்தில் என்ன இருக்கிறது என்று துறை அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது. பக்கத்துத் தோப்புக்காரர் நாலு பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் வண்டியை வரவழைத்தால் வாடகையும் இறங்கும்.

டிரெய்லர் பயம் நியாயமான பயம். இழுப்பதற்கு எச்பி போதும், நிறுத்துவதற்கு எடை வேண்டும். மினி டிராக்டர் முக்கால் டன் எடையைச் சுற்றித்தான் இருக்கும், பின்னால் இரண்டு டன் காய் வந்தால் இறக்கத்தில் டிரெய்லர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். சின்ன டிரெய்லர் வைத்து நடை கூட்டுங்கள், இறக்கத்தில் முதலிலேயே கியர் குறைத்து இறங்குங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். ரோட்டுக்குப் போகிற லோடுக்கு மினி லாரி பிடித்துவிடுங்கள். இதில் மட்டும் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இதே இடத்தில் 45 எச்பி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எச்பி ஒன்றாக இருந்தால் எடையும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். குபோட்டா எல்4508 45 எச்பி, ஃபோர் வீல் டிரைவ், எடை ஒன்றரை டன்னுக்குள். சேற்றில் இறங்கினாலும் புதையாது என்பதால் நெல் வயல்காரர்கள் விரும்புவார்கள். அதே வகுப்பில் வருகிற மஹிந்திரா 575 இரண்டு டன்னை நெருங்கும். வறண்ட காட்டில் கலப்பை இழுக்கவும் டிரெய்லருக்கும் அந்த எடை உதவும், ஈரத் தோப்பில் அதே எடை மண்ணை அமுக்கும்.

இப்போது பணம். உங்கள் பழைய வண்டியைக் கழித்து, புதியதற்குக் கையிலிருந்து போட வேண்டியது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதோடு முடியாது. சின்ன ரொட்டவேட்டர், கலப்பை, டிரெய்லர் எதுவும் பெரிய வண்டிக்குப் பொருந்தாது. கருவியை வண்டியோடு மாட்டுகிற மூன்று புள்ளி இணைப்பில், கீழே செருகுகிற பின்னின் தடிமனே சின்ன வண்டிகளுக்கான முதல் வகை இணைப்பில் 22 மில்லிமீட்டர், பெரிய வண்டிகளுக்கான இரண்டாம் வகை இணைப்பில் 28. கருவிக்கு இன்னொரு ஒன்றரை லட்சம். ஆக நாலரை லட்சம். 10 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 45,000 ரூபாய், அசலைத் தொடாமல் வட்டி மட்டும். எங்கள் பக்கம் பெரிய வண்டி ரொட்டவேட்டரோடு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம் கேட்கிறார்கள். 1,100 என்று வைத்தாலும் அந்த வட்டிப் பணத்தில் 40 மணி நேரம் பெரிய வண்டி ஓட்டலாம். உங்கள் 3 ஏக்கர் மக்காச்சோளத்துக்கு இரண்டு போகம் சேர்த்தும் அவ்வளவு மணி ஆகாது. உங்கள் ஊர் வாடகையையும் வங்கி வட்டியையும் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, வாங்க நல்ல நேரம் என்று சொல்வார்கள். குறைந்தது உண்மைதான். ஆனால் புதிய மினி டிராக்டரும் அதே அளவு விலை இறங்கியதால், உங்கள் பழைய வண்டிக்குக் கேட்கிற விலையும் இறங்கத்தான் செய்யும். மாற்றுகிறவருக்கு லாபம் இரண்டு பக்கமும் பார்த்துத்தான்.

எனக்கு மிகவும் கவலையாக இருப்பது உங்கள் ஊடுபயிர். தனித் தென்னையில் அகலம் ஒரு பிரச்சினையே இல்லை. மரத்தைச் சுற்றி ஆறடிப் பாத்தி விட்டாலும் இரண்டு மரத்துக்கு நடுவில் 13 அடி கிடைக்கும், எந்த வண்டியும் போகும். வாழை ஆறடியில் நிற்கிற இடத்திலும், ஜாதிக்காய்க் கிளை தாழ்ந்து வருகிற இடத்திலும் நாலடிக்குக் குறைவான அகலத்தில் ஒரு வண்டி இருப்பது பெரிய வரம். சொட்டுநீர்க் குழாயை மிதிக்காமல் திரும்பவும் அதனால்தான் முடிகிறது. அதைக் கொடுத்துவிட்டால் அந்த 3 ஏக்கர் ஊடுபயிர்த் தோப்புக்குத் திரும்பவும் ஆளும் பவர் டில்லரும் தேட வேண்டிவரும். ஆள் கிடைக்கிற நிலைமை உங்களுக்கே தெரியும். எனக்கு ஊடுபயிர் இல்லாததால் இந்த இழப்பு வரவில்லை. இருந்திருந்தால் நானும் 34-க்குப் போயிருக்க மாட்டேன்.

நிலைமை மாறலாம். பக்கத்தில் நிலம் வாங்கினாலோ, குத்தகைக்கு இன்னும் நாலைந்து ஏக்கர் வறண்ட காடு எடுத்தாலோ, வீட்டுப் பையன் ஒருவர் வாடகைக்கு ஓட்டத் தயாராக இருந்தாலோ பெரிய வண்டி தன் பணத்தைத் தானே சம்பாதிக்கும். அப்போதும் மினியை விற்காமல் இரண்டாவதாக வாங்க முடியுமா என்று பாருங்கள். ஒன்றுதான் வைத்திருக்க முடியும் என்றால் 45-ஐ விட 30–35 எச்பி ஃபோர் வீல் டிரைவ் உங்களுக்கு நெருக்கமாக வரும். அதற்கு முன் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கிற மத்திய அரசு நிலையத்தின் சோதனை அறிக்கையை அந்த மாடலுக்குப் பாருங்கள். விளம்பரத் தாளில் இருக்கிற இன்ஜின் எச்பியை விட அதில் இருக்கிற பிடிஓ பவர், இழுவை, தூக்கும் எடை மூன்றும் உங்களுக்கு வேண்டியவை.

டெமோ கேட்கும்போது ஷோரூம் பக்கத்து வயலில் பார்க்காதீர்கள். உங்கள் மக்காச்சோளக் காட்டில், வண்டி எங்கே திணறுகிறதோ அந்த மூலையிலேயே இறக்கச் சொல்லுங்கள். அதே வண்டியை வாழைக்கு இடையிலும் ஒரு நடை ஓட்டச் சொல்லுங்கள். பழைய வண்டிக்கு அவர்கள் தருகிற எக்ஸ்சேஞ்ச் விலையையும் புதியதன் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு, வெளியில் இரண்டு பேரிடம் பழையதற்கு விலை கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். டயர் சறுக்கலை அளந்ததும் எத்தனை சதவீதம் வந்தது, ரொட்டவேட்டர் எத்தனை அடி என்பதைக் கருத்தில் எழுதுங்கள். அதை வைத்து எவ்வளவு எடை சேர்க்கலாம் என்று சொல்கிறேன்.