எங்கள் நகரில் ஆட்களைச் சேர்த்துத் தெருவோரம் செடி வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக உருவான நகர், பூங்காவுக்கென்று விட்ட மனையில் சீமைக்கருவேலம், தெருமுனையில் குப்பை மேடு, உதவத் தயாராகப் பத்துப் பதினைந்து பேர். உங்கள் கேள்வியில் இவ்வளவும் இருக்கிறது. திருச்சியின் புறநகர் ஒன்றில் இதே மாதிரி இடத்தில் சில ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கன்று வாங்கப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "உங்க வீட்டுக்கு எதிர்ல என்ன செடி இருந்தா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?" ஒருவர் சாமிக்கு வைக்கச் செம்பருத்தி கேட்பார். இன்னொருவர் கறிவேப்பிலை கேட்பார், அடுத்தவர் வண்டி நிறுத்த நிழல் கேட்பார். "இலை கொட்டும், யார் பெருக்குறது, வேண்டவே வேண்டாம்" என்பவரும் இருப்பார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றவர் வாசலை அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் பூத்த பிறகு அவரே வந்து கேட்பார்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நடுகிற நாளில் ஆள் கிடைப்பது சுலபம். பங்குனி, சித்திரையில் குடம் தூக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். தனக்கு அதில் பறிக்க ஏதாவது இருந்தால் மனிதர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதனால் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று பலகை மாட்டவே மாட்டாதீர்கள். விடியற்காலையில் பூக்கூடையோடு வருகிற பெரியம்மாவுக்குத்தான் எந்தச் செடி வாடியிருக்கிறது, எதில் மாவுப்பூச்சி வந்திருக்கிறது என்று முதலில் தெரியும். அவரைத் துரத்தினால் உங்கள் நல்ல காவலரை இழப்பீர்கள்.

செடி என்று பார்த்தால் நந்தியாவட்டை, பவளமல்லி, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாமே பறிக்கவும் பார்க்கவும் ஆகும். மின்கம்பிக்குக் கீழேயும் இவற்றைத் தைரியமாக வைக்கலாம். செம்பருத்தியை ஆடு விரும்பித் தின்னும், அதனால் அதற்கு வேலி கட்டாயம். வேலியே போட முடியாத இடத்துக்கு நித்தியகல்யாணி. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் குறைவாகப் போதும், ஆண்டு முழுக்கப் பூக்கும், விதை விழுந்து தானாகவே பரவும். சீக்கிரம் நிறம் தெரிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது. அரளியும் அழகுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் விளையாடுகிற பக்கம் வேண்டாம்.

நிழலுக்குப் புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம். நிறத்துக்குச் சரக்கொன்றை. சீக்கிரம் வளரும் என்று மயில்கொன்றையைச் சொல்வார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்தவற்றில் அந்த மாதிரி வெளிநாட்டு மரங்கள் ஏராளம். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரக்கன்றைக் கொடுத்தால் இலவசமாக இருந்தாலும் வாங்காதீர்கள். அதைக் குஜராத் 2023-இல் தடை செய்துவிட்டது, பிறகு தமிழ்நாடும் நடக்கூடாது என்று சொல்லிவிட்டது. நாட்டு மரக் கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலில் முதலில் கேளுங்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியதிலிருந்து நிறைய நாட்டு மரக் கன்றுகளை வளர்த்துக் கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஆடிக் காற்று பொல்லாதது, இளங்கன்றை வேரோடு ஆட்டிவிடும். அதனால் காற்று அடங்கிய பிறகு, புரட்டாசிக் கடைசியில் நடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும். குழியை மட்டும் ஒரு மாதம் முன்பே இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் வெட்டி வெயிலில் ஆறப் போடுங்கள். அப்புறம் மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். வெட்டும் முன் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எந்தப் பக்கம் போகின்றன என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பொக்லைன் வைத்து வேரோடு எடுங்கள். எடுத்த முள்ளைக் கொளுத்த வேண்டாம். நெற்று இல்லாத கிளைகளாகப் பார்த்துக் கன்றுகளைச் சுற்றி முள்வேலி கட்டுங்கள். இந்த வேலையில் அதிகம் பணம் விழுங்குவது இரும்புக் கூண்டுதான். அந்தச் செலவு பெரும்பாலும் இதிலேயே மிச்சமாகும்.

பூங்கா மனைக்கு ஒரு விஷயம் முக்கியம். பெரிய மனைப்பிரிவுகளில், அதாவது 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் இடத்துக்கு அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நலச்சங்கத்தின் பெயரில் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிய பிறகு இறங்குங்கள். வாய்மொழி அனுமதி ஆள் மாறினால் போய்விடும்.

குப்பை மேட்டுக்கு வருவோம். அங்கே நேராகப் போய்ச் செடி வைத்தால் செடி மேலேயே குப்பை விழும். அந்தத் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். எங்களிடம் அவர் சொன்னதுதான் வழி காட்டியது. வண்டி வருவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் பையை முனையில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றார். அந்த வீடுகளின் பையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்து வண்டியில் போட ஒத்துக்கொண்டார்கள். முனை காலியானது. அதற்குப் பிறகுதான் சுவருக்கு வெள்ளையடித்து, தரையில் கோலம் போட்டு, நித்தியகல்யாணி வைத்தோம்.

தண்ணீருக்கு: வாசல் செடி அந்த வீட்டுப் பொறுப்பு. பூங்காவுக்கும் முனைக்கும் மட்டும் முறை வையுங்கள், கிழமைக்கு இரண்டு வீடு. அரிசி களைந்த தண்ணீர், ஏசித் தண்ணீர் எதுவும் வீணாக வேண்டாம். பாத்தியில் காய்ந்த இலை, தேங்காய் நார் என்று மூடாக்குப் போட்டால் கோடையில் தண்ணீர் நன்றாகவே மிச்சமாகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்குகிற தண்ணீரில் டெங்கு கொசு வரும், அதைச் சொல்லியே தோட்டத்தை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு.

உங்கள் மண் களியா, சரளையா, ஆழ்துளைத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று கருத்தில் எழுதுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் நான் சொன்ன பட்டியலில் பூவரசும் புங்கனும் முதலில் வரும், மகிழத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.