பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் சிறு எண்ணெய்க் கசிவை எப்படி நிறுத்துவது?

பழைய பைக்கின் எஞ்சினடியில் நாள்தோறும் சில சொட்டு எண்ணெய் தேங்குகிறது, போல்ட்டுகளை இறுக்கியும் நிற்கவில்லை என்கிறீர்கள். முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். அலுமினிய உறையில் மரை எளிதில் அறுந்துவிடும், மூடியும் வளைந்து கசிவு கூடும்.

எஞ்சினைக் கழுவி உலர்த்தி, இணைப்புகளின்மேல் டால்கம் பவுடரைத் தூவி, நின்ற இடத்திலேயே சிறிது நேரம் ஓடவிட்டால், பவுடர் முதலில் நனையும் இடமே கசிவின் தொடக்கம். சொட்டும் இடம் பெரும்பாலும் அதுவன்று, ஏனெனில் பயணத்தின்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிவிடுகிறது.

இணைப்புகளின் இடையே கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பான கேஸ்கெட்டை மாற்றுமுன், எஞ்சினின் அடிப்பகுதி உறையான கிராங்க்கேஸிலிருந்து காற்றை வெளியேற்றும் மூச்சுக்குழாயைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். அது அடைபட்டிருந்தால், பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் அழுத்தம் வெளியேற வழியின்றி, புதிய கேஸ்கெட்டின் ஓரமாகவும் எண்ணெயைப் பிதுக்கும்.

மூடியைக் கழற்ற நேர்ந்தால், தட்டையான கண்ணாடிமேல் விரித்த நுண் உப்புத்தாளில் அதன் விளிம்பை மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தி, துகள் நீங்கக் கழுவி, புதிய கேஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சிலிக்கான் பசையை அள்ளிப் பூச வேண்டாம். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து எண்ணெய்த் துளையை அடைக்கக்கூடும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால், அது மென்மையாகி மீண்டும் நன்கு படியும்.